நாற்பத்தொரு விநாடி, பிழை

இரண்டாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு பகுதிகள்.
எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன்,
ஒன்றிலும் தெரியமாட்டேன்.
தேநீர் எந்தக் கையில், கோப்பையில் எவ்வளவு மிச்சம்,
கதவு அரைத் திறப்பா முக்கால் திறப்பா,
காட்சிக்குக் காட்சி உலகம் குதிக்காமலிருக்க
குறித்துவைப்பது என் வேலை.

வூச் நகரத்துப் பழைய நெசவாலைக்குள்
அட்டைச் சுவரில் எழுப்பிய ஐந்துமாடிக் குடியிருப்பு.
மாடி ஒன்றுதான்.
எண் பலகையை மாற்றினால் மற்ற நாலும் வந்துவிடும்.
'வாசல் எண் ஏழு',
செவ்வாயும் வியாழனும், இரவு எட்டேகாலுக்கு.

போன வாரம் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார்.
கையில் வரைபடம். மலை மாதிரி ஒரு கோடு.
"உச்சம் இதுதானே?" என்று விரலை வைத்தார்,
ஐந்தாம் பருவம், மிரோஸ்வாவாவின் கல்யாணம்.
"அன்றிரவு போலந்தே தொலைபேசி எடுக்கவில்லையாமே!"
ஆமாம் என்றேன்.
கேக் மெழுகு, மணப்பெண்ணுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்
என்பதையெல்லாம் சொல்லவில்லை.

இதையும் சொல்லவில்லை:

ஒன்பதாம் பருவம். பிப்ரவரி.
கோடு சரிந்துகொண்டிருந்தது.
எழுத்தாளர் நால்வரில் மூவர் வேறு சேனலுக்குப் போயாயிற்று.
மிஞ்சியவன் லெஷெக்.
மத்தியானம் எடுக்கும் காட்சியைக்
காலையில் கேன்டீனில் எழுதுவான்.
பீட்ரூட் சூப் கறையோடு வரும் தாள்கள்.
பொய் ஜோடிக்க அவனுக்கு நேரமில்லை.

லிஃப்ட் மெக்கானிக் குபியாக்
மூன்றாம் மாடி விதவையிடம் வந்து சொல்லவேண்டும்:
உன் மகன் இனி வரமாட்டான்.
பதினொரு வரி வசனம்.
ஸெனோனுக்கு முதல் வரியே மறந்துவிட்டது.

நின்றார்.
கோட்டுப் பொத்தானைத் திருகினார், திருகினார்,
அது கழன்று கையோடு வந்தது.
யாரும் சொல்லாமலே தெயோஃபிலா எழுந்து
திரைச்சீலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள்.
அதில் கோத்திருந்தது நீல நூல்.
கோட்டோ கறுப்பு.
அவர் கழற்றவில்லை. அவள் கேட்கவில்லை.
உடம்போடு வைத்துத் தைத்தாள்,
நெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து
பல்லால் நூலைக் கடித்தாள்.
நிமிர்ந்தபோது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் எழுதினேன்:
'41 விநாடி. வசனம் இல்லை. பிழை.'

ஆறு மணிக்குத் தளத்தைக்
குழந்தைகள் வினாடிவினாவுக்கு விடவேண்டும்.
இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"போகட்டும், வைத்துக்கொள்வோம்."

ஒளிபரப்பானது.
சுவாவ்கியிலிருந்து ஒரே ஒரு கடிதம்:
ஐயா, நடுவில் உங்கள் ஒலி போய்விட்டது, சரிபார்க்கவும்.

அப்புறம் என்ன, எல்லாம் நடந்தது.
இரட்டைத் தங்கை வந்தாள்.
இரண்டு பேருக்கு நினைவு போயிற்று,
ஒருவருக்குத் திரும்பியது, தவறான நினைவு.
குடியிருப்பு மூன்று முறை எரிந்தது.
லெஷெக் இப்போது தயிர் விளம்பரம் எழுதுகிறான்,
நன்றாகவே எழுதுகிறான்.
தெயோஃபிலா கோபித்துக்கொண்டு போனாள், சம்பளத் தகராறு.
ஸெனோன் இறந்த வாரம்
குபியாக் நார்வேக்கு வேலைக்குப் போனதாகச் சொன்னோம்.

ஏறும்போது யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.
பனியில் பஸ் கிடைக்குமா,
காலுறை ஈரம் காயுமா என்றுதான்
அன்று வீட்டுக்குப் போனோம்.

இந்த வருஷம் குபியாக் திரும்பி வந்திருக்கிறார்.
வேறு நடிகர், அதே கோட்டு, இடுப்பில் பிடித்துத் தைத்து.
உடைப் பிரிவில் எல்லாப் பொத்தானையும்
கறுப்பு நூலில் மாற்றப் பார்த்தார்கள்.
'மேலிருந்து இரண்டாவது: நீலம்'
என்றிருக்கிறது என் நோட்டில்.
பதின்மூன்று வருஷமாக இருக்கிறது.
ஏன் என்று கேட்டதற்குத் தொடர்ச்சி என்றேன்.

இன்று காலை, நாலாம் மாடி, அதாவது அதே மாடி.
புதியவருக்கு வசனம் மறந்தது.
கை மெல்லப் பொத்தானுக்குப் போனது.
ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

"கட்!"

இரண்டு விநாடி.
குறித்துக்கொண்டேன்.